சமவெளியில் ஒரு வேலி

அந்தக் குச்சிகளை முதலில் பார்த்தவள் என் மகள் மீனுதான்.

அவளுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. மண் அள்ளும் ஒற்றைச் சக்கரக் கைவண்டிக்குள், அரிசிப் பைக்கு மேலே, குல்லாவும் கழுத்துத் துண்டுமாக உட்கார்ந்திருந்தாள். வண்டியைத் தள்ளியவள் தர்சினி. நான் பின்னால், மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காற்றுக்கு முகத்தைத் திருப்பித் திருப்பி நடந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, குச்சி நிக்குது" என்றாள் மீனு.

என் கண்ணுக்கு வானமும் கணுக்கால் உயரக் கோதுமையும் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பாரிஸிலிருந்து தெற்கே ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 'போஸ்' என்று அந்தச் சமவெளிக்குப் பெயர். மரம் இல்லை, மேடு இல்லை. தூரத்தில் ஒரு தேவாலயக் கூம்பு. ஒரு வயல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று உழுகிறவருக்குத்தான் தெரியும்.

அதன் நடுவே ஒரு சின்ன ஓட்டு வீடு. வீட்டைச் சுற்றி, கைத்தடி உயரத்துக்கு, வரிசையாக மொட்டைக் குச்சிகள். ஒன்றோடொன்று கயிற்றால் கட்டியிருந்தது.

"என்ன இது தர்சினி?"

"வேலி அக்கா" என்றாள், இதைக்கூடக் கேட்பார்களா என்பதுபோல. "வேறை என்ன?"

தூது போன கதை

நான் சும்மா ஊர் பார்க்கப் போகவில்லை. அனுப்பப்பட்டிருந்தேன்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், மூன்றாவது மாடியில் நாங்கள் குடியிருந்தோம். மீனு பிறந்தபோது என் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாமல், இணையத்தில் தேடித் தேடி, தண்ணீரின் சூட்டை வெப்பமானியில் பார்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த என்னிடம், ரூ பெர்தொனேயில் மளிகைக் கடை வைத்திருந்த யோகன் அண்ணன் தன் தங்கையை அனுப்பிவைத்தார். தர்சினி வந்து வெப்பமானியை வாங்கி அலமாரியில் வைத்தாள். தன் முழங்கையைத் தண்ணீரில் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தையைக் காலில் கிடத்திக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்கு அவள் தங்கை.

யாழ்ப்பாணத்தில் போர் முடிந்த பிறகு வந்தவள். கடையில் அண்ணனுக்கு உதவி, வீட்டில் அண்ணிக்கு உதவி. இருபத்தாறோ இருபத்தேழோ வயது. கல்யாணப் பேச்சு கனடாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்துகொண்டேயிருந்தது.

ஒருநாள் உருளைக்கிழங்கு ஏற்றுவதற்காக அண்ணனின் வேனில் அந்தச் சமவெளிக்குப் போயிருக்கிறாள். கிழங்கு கொடுக்கும் விவசாயியின் வயலோரத்தில் பூட்டிக் கிடந்த வீட்டையும், அதைச் சுற்றிப் புல் மண்டிய துண்டு நிலத்தையும் பார்த்திருக்கிறாள். அடுத்த தடவை போனபோது நேராகப் போய்க் கேட்டுவிட்டாள். அவர் சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே தனியாக இருந்து காட்ட வேண்டும். நிலத்தைக் கொத்தி எதையாவது நட வேண்டும். வசந்தத்தில் வந்து பார்ப்பார். நிலம் அப்படியே கிடந்தால் உழுது கோதுமையோடு சேர்த்துக்கொள்வார்.

இரண்டு பெட்டியோடு அவள் போய்விட்டாள். லா ஷப்பல் அதிர்ந்தது.

வெண்டி, கத்தரி, பாகல், கீரை. இதெல்லாம் விமானத்தில் வந்து, வாடி, தங்க விலைக்கு விற்கிறது. ஒரு மணி நேரத் தூரத்தில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்த்தால் என்ன என்பது அவள் கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் அதைத் தனியாக ஒரு பெண் கேட்டதுதான் யாருக்கும் பிடிக்கவில்லை.

"நீங்கள் படிச்ச ஆள், தங்கச்சி" என்றார் யோகன் அண்ணன், தராசில் வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டே. "நீங்கள் சொன்னா அவள் கேப்பாள். வசந்தம் வந்திட்டுது. அந்தக் காணிக்கார முசியே வந்து பாக்கிறதுக்கு முந்திக் கூட்டிக்கொண்டு வந்திடுங்கோ. அவவுக்கு என்ன விசரே? சனம் என்னைக் கேக்குது, தங்கச்சியை எங்கை விட்டிட்டாய் எண்டு."

"நான் பேசிப் பார்க்கிறேன் அண்ணா" என்றேன். யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு தூக்கமில்லாமல் புரளுவது என் வழக்கம்.

கேள்விகள்

ரயிலில் நான் தயார் செய்துகொண்டு போனது புத்திமதி. அங்கே போனதும் வாயில் வந்ததெல்லாம் கேள்வி.

வீடு ஒரே அறை. மூலையில் விறகு அடுப்பு, அதன்மேல் ஒரு புட்டுப் பானை. சுவரில் கொய்யாப்பழம் போட்ட மளிகைக்கடை நாள்காட்டி. வெளியே பிளாஸ்டிக் கூடாரம், அதன் ஒரு பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது. குளிர்காலத்தில் ஒரு காற்று அதைப் பிடுங்கிக்கொண்டுபோய் எங்கோ சாலையில் போட்டதாம். இவள் கைவண்டியோடு போய் அதைச் சுருட்டி எடுத்து வந்திருக்கிறாள்.

"டாக்டர் எவ்வளவு தூரம்?"

"சைக்கிளிலை போகலாம்."

"ஜுரம் வந்தா எப்படி சைக்கிள்ல போவ?"

"ஜுரம் விட்டாப் பிறகு போவன்."

மீனு கீரைப் பாத்தியில் உட்கார்ந்து மண்ணை வாயில் வைத்தாள். நான் ஓடினேன். தர்சினி சிரித்தாள். "விடுங்கோ அக்கா. நல்ல மண். நான் ஒரு பூச்சிமருந்தும் போடேல்லை."

மண் தின்றால் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் படித்திருந்தேன். அவள் வாயைத் துடைத்தேன். துடைத்தது போதுமா என்று மறுபடி துடைத்தேன். ஆனால் அதே கையோடு அந்த மண்ணை நானும் ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அது கறுப்பும் பழுப்புமாக, பிசுபிசுப்பாக, ஈரமான பழைய புத்தகத்தைப் போல மணத்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நிலம் கிடையாது. அப்பாவுக்கு வங்கி வேலை. மாற்றலாகி மாற்றலாகி, திருச்சியில் ஒரு அடுக்குமாடியில் முடிந்தது. ஒரு துண்டு மண்ணை 'என் இடம்' என்று சொன்னால் எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றுதான் தோன்றியது.

"தனியா இருக்க பயமில்லையா?" இதுதான் நான் கேட்க வந்த கேள்வி.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "முதல் மாசம் பயம். காத்துச் சத்தம், ஆரோ கதவைத் தட்டுற மாதிரி. பேந்து பழகிட்டுது. லா ஷப்பல்லையும் பயம்தானே அக்கா. படியாலை இறங்கினா ஆராவது கேப்பினம், ஏன் இன்னும் கட்டேல்லை எண்டு. இஞ்சை அந்தத் தொல்லை இல்லை."

"பேச்சுத் துணைக்கு?"

"வெண்டிக்கண்டோடை கதைப்பன். அது திருப்பிக் கேக்காது."

யாழ்ப்பாணத்து வேலி

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். இந்த வேலி விஷயம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் காணியைச் சுற்றி நடும் குச்சிக்குக் 'கதியால்' என்று பெயர். கிளுவை மாதிரி, வெட்டி நட்டால் துளிர்க்கும் மரக்கிளை. அது வேர்விட்டு மரமாகி, வேலியே உயிரோடு நிற்கும். பழுதான கதியாலை மாற்றும்போது புதியதைப் பழையதற்கு ஒரு விரல் அப்பால், பக்கத்து வீட்டுப் பக்கமாக நடுவது உண்டாம். இதை எனக்குச் சொன்னவர் யோகன் அண்ணன்தான். அவர் கடையில் ஒன்றும் வாங்காமல் சும்மா நின்றால்கூட ஒரு வேலிக் கதையாவது காதில் விழும்.

அவருடைய அப்பாவும் பக்கத்து வளவுக்காரரும், அதாவது பக்கத்து வீட்டு மனைக்காரரும், ஒரு சாண் வேலிக்காக நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக நின்றவர்கள். தீர்ப்பு வருவதற்குள் போர் வந்தது. இப்போது இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளும் பாரிஸ் புறநகரான சென் தெனியில் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறார்கள். லிஃப்டில் எதிர்ப்பட்டால் பேசுவதில்லை.

"அந்த வேலி இப்ப இருக்கா அண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வேலியோ? வீடே இல்லை" என்றார். பிறகு அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

டிராக்டர் வந்தது

மதியம் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டோம். கத்தரிக்காய் நான் லா ஷப்பலிலிருந்து கொண்டுபோனது. தன் கூடாரத்தில் இன்னும் காய் பிடிக்கவில்லை என்று அவள் வெட்கப்பட்டாள். அப்போதுதான் டிராக்டர் சத்தம் கேட்டது.

நிலத்துக்காரர், முசியே ரிவே, இறங்கி வந்தார். வயதானவர், சிவந்த முகம், மண் அப்பிய ரப்பர் பூட்ஸ். வேலிக்கு வெளியிலேயே நின்றார். அந்த வேலியில் கதவு இல்லை. ஓரிடத்தில் இடைவெளி விட்டு ஒரு மரப்பலகையைச் சாத்தியிருந்தாள். நாங்கள் வந்தபோது அதை நகர்த்திவிட்டுத்தான் கைவண்டியை உள்ளே தள்ளினோம்.

"ஏன் கதவு வைக்கல?" என்று அப்போதே கேட்டிருந்தேன். "படலை வைக்கேல்லை அக்கா. ஒருத்தரும் வரேல்லைத்தானே" என்று அவள் பலகையைத் தள்ளினாள்.

முசியே ரிவே எங்களுக்கு போன்ஜூர் சொன்னார். பிறகு வேகமாகப் பேச ஆரம்பித்தார். தர்சினிக்குக் கடைப் பிரெஞ்சு நன்றாக வரும். இவருடைய கிராமத்துப் பிரெஞ்சு பாதி புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் சென்னையில் காசு கட்டிப் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன்.

அவர் சொன்னது இதுதான்: நாளை மறுநாள் பக்கத்து வயலுக்குப் பீட்ரூட் விதைக்கும் இயந்திரம் வருகிறது. வயலின் கோடியில் அது திரும்ப இடம் வேண்டும். இத்தனை வருஷமும் இந்தத் தரிசுத் துண்டின் ஓரத்தில் ஏறித்தான் திரும்பியது. இப்போது குச்சிகள் நிற்கின்றன. குச்சிகளை எடுத்தால் அவள் இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம். எடுக்காவிட்டால் ஏற்பாடு முடிந்தது, நிலத்தை எடுத்துக்கொள்வார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். தன் சொந்த நிலத்தில், தனக்கு எதிராக, ஒரு பெண் வேலி அடைத்திருக்கிறாள்.

தர்சினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னவாம் அக்கா?"

அந்த நேரத்தில் யோகன் அண்ணனின் குரல் என் காதில் கேட்டது. ஒரு வாக்கியம் போதும். 'நிலத்தைத் திருப்பிக் கேக்கிறார்' என்று மட்டும் சொன்னால், சாயங்கால ரயிலில் மூன்று பேராகத் திரும்பலாம். அது பொய்கூட இல்லை, பாதி உண்மை. அவளுக்கும் நல்லதுதானே? டாக்டர் இல்லாத ஊர். துணை இல்லாத வீடு. ஒட்டுப் போட்ட கூடாரம்.

மீனு குனிந்து ஒரு குச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தாள். "பொம்மை இலை" என்றாள். பார்த்தேன். மொட்டைக் குச்சி என்று நான் நினைத்தது மொட்டையில்லை. கணுவில், அரிசிமணி அளவுக்கு, வெளிர்பச்சையாக ஏதோ பிளந்துகொண்டிருந்தது.

"இது என்ன மரம்?" என்று கேட்டுவிட்டேன், சம்பந்தமே இல்லாமல்.

"ஆத்தங்கரை அலரி மாதிரி ஒண்டு அக்கா. இஞ்சை வாய்க்கால் கரையிலை நிக்குது. பிரெஞ்சிலை 'ஸோல்' எண்டுறாங்கள். வெட்டி நட்டுப் பாத்தனான். கிளுவை மாதிரியே வருகுது." அவள் முகம் பூரித்திருந்தது. பிறகு மறுபடி, "என்னவாம் சொல்லுறார்?"

அவர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். ஒரு சொல் குறைக்கவில்லை.

உள்ளுக்கு

அவள் முதலில் வாதாடினாள். "நான் கயிறு பிடிச்சு நட்டனான் எண்டு சொல்லுங்கோ. எல்லைக்கல்லுக்கு இஞ்சாலைதான். ஒரு விரல் அங்காலை போகேல்லை. யாழ்ப்பாணத்து ஆக்கள் அப்பிடி நட மாட்டினம் எண்டு சொல்லுங்கோ!"

கடைசி வரியை நான் மொழிபெயர்க்கவில்லை. அதை அவளே சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள்.

முசியே ரிவே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அவளிடம் கேளுங்கள். யாருக்குப் பயந்து இது? இங்கே வருவது முயல்தான். முயல் இதற்கு அடியில் போய்விடும்."

கேட்டேன்.

"ஆருக்கும் பயந்து இல்லை" என்றாள் தர்சினி. இப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை. "ஆள் இருந்து காட்டு எண்டு சொன்னவர்தானே? வேலி இல்லாட்டி, ஆள் இருக்கிறாள் எண்டு எப்பிடித் தெரியும்? பாக்கிறவனுக்கு அது வெறும் தரிசு. ஊரிலை சண்டை நேரம் எங்கடை வளவு வேலியை எரிச்சாப் பிறகுதான் எல்லாரும் குறுக்காலை நடக்கத் தொடங்கினவங்கள்."

இதைப் பிரெஞ்சில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. சரியாகச் சொன்னேனா என்று இன்றைக்கும் நிச்சயமில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு வீட்டுக் கூரையைக் காட்டினார்.

"குளிர்காலம் முழுக்கக் காலையில் நான் ஜன்னலைத் திறப்பேன். அந்தப் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்ப்பேன். வந்தது. எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது, ஆள் இருக்கிறாள் என்று."

இதைத் தர்சினிக்குத் தமிழில் சொன்னேன். தினமும் ஒருவர் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. காற்றில் பறந்த தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டாள். பலகையை நகர்த்தி வெளியே வந்தாள். வேலிக்கும் வயலுக்கும் நடுவே நின்று பார்த்தாள்.

"திரும்ப எவ்வளவு இடம் வேணுமாம் அவருக்கு?"

அவர் தன் இரண்டு கைகளையும் விரித்து நின்று காட்டினார். பிறகு யோசித்து இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்றார்.

"சரி" என்றாள். "உள்ளுக்கு எடுக்கிறன். ஆனா எடுத்துப்போட்டு விடமாட்டன். உள்ளுக்குத் திருப்பி நடுவன். மேற்குப் பக்க வேலியிலை கைவைக்க மாட்டன், அது காத்துக்கு. அதைச் சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார். எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு குனிந்து முதல் குச்சியை அவரே பிடுங்கினார். அடியில் வெள்ளை நூல் போல வேர். அதைப் பார்த்ததும் ஒரு விசில் அடித்தார். அடுத்த குச்சியை அவ்வளவு முரட்டுத்தனமாக அவர் பிடுங்கவில்லை.

மீதி மதியம் அதே வேலை. அவள் கடப்பாரையால் குழி போட்டாள், அவர் குச்சியை நேராகப் பிடித்தார், நான் மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினேன். பிடுங்கியவற்றைக் கைவண்டியில் போடுவது மீனுவின் பொறுப்பு. பாதியைக் கீழே போட்டாள்.

"அக்கா, வேலியை உள்ளுக்கு நகர்த்தின முதல் யாழ்ப்பாணத்து ஆள் நான்தான்" என்றாள் தர்சினி, மூச்சு வாங்கிக்கொண்டு. "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

பாரிஸிலிருந்து என் கணவர் போன் செய்தார். "என்ன, பேசிட்டியா? வர்றாளா?"

"வேலி நட்டுட்டு இருக்கோம்."

"மீனுவுக்குக் குல்லா போட்டிருக்கல்ல?" என்றார்.

போட்டிருக்கவில்லை. எப்போது கழற்றினாள் என்றே நான் பார்க்கவில்லை.

கடையில்

அடுத்த நாள் கடைக்குப் போகும் வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். 'நான் எவ்வளவோ சொன்னேன் அண்ணா' என்று தொடங்கலாமா? எதுவும் சொல்லவில்லையே.

யோகன் அண்ணன் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். என் பின்னால் எட்டிப் பார்த்தார். "தனியவோ வந்தனீங்கள்?"

"அவ இருக்கேன்னுட்டா அண்ணா. இன்னும் ஒரு வருஷத்துக்குச் சம்மதம் வாங்கிட்டா."

அவர் முகம் இருண்டது. கட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும். பிடிவாதம். அந்த முசியே பேசாமல் விட்டிட்டாரோ?"

நடந்ததைச் சொன்னேன். இயந்திரம், குச்சி, புகை எல்லாவற்றையும். ஒருவருக்கும் சொல்லாதே என்று அவள் சொன்னது, வேலியை உள்ளே நகர்த்தினாள் என்று சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவர் கை நின்றது.

"உள்ளுக்கோ?"

"கொஞ்சம்தான் அண்ணா."

"கொஞ்சம் எண்டா எவ்வளவு?"

கைகளை விரித்துக் காட்டினேன். பிறகு உண்மையாக இருக்க வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் நகர்ந்து காட்டினேன்.

"விசரி!" என்றார். கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். "ஆரைக் கேட்டு உள்ளுக்கு எடுத்தவள்? ஒரு குளிர்காலம் தனியக் கிடந்து பிடிச்ச காணி! ஒரு சொல்லு என்னட்டைச் சொன்னவளோ?"

"அது அந்த முசியேவோட நிலம்தானே அண்ணா."

"ஆற்றை நிலம் எண்டாலும் இருக்கட்டும். இருக்கிறது அவள்தானே? ஒருக்கா உள்ளுக்குப் போனா, ஒவ்வொரு வருஷமும் உள்ளுக்குத்தான் போகும். உங்களுக்கு இது விளங்காது, தங்கச்சி."

கூட்டிக்கொண்டு வரவில்லையே என்பதை அவர் மறந்தே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்தது. ரூ பெர்தொனேயில் ஞாயிறு என்றால் நிற்க இடம் இருக்காது. அன்றைக்கு ஷட்டரை இழுத்துப் பூட்டியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வேனில் கம்பிச் சுருளும் குறடும் அளக்கிற நாடாவும் ஏற்றிக்கொண்டு விடிகாலையிலேயே போய்விட்டதாக அண்ணி சொன்னார். "சண்டை பிடிக்கவோ என்னவோ" என்று கவலைப்பட்டார். நானும் கவலைப்பட்டேன். அன்று முழுக்கச் சமையலில் உப்பு கூடியது.

மறுநாள் நான் போனபோது அவர் ஷூவில் காய்ந்த மண் அப்படியே இருந்தது. துடைக்கவில்லை.

"போய்ப் பாத்தனான்" என்றார், என்னைப் பார்க்காமல். "அளந்தனான். நேராத்தான் நட்டிருக்கிறாள். கதியால் எல்லாம் துளிர்த்திட்டுது."

"முசியேவைப் பார்த்தீங்களா?"

"ஓம். கோப்பி தந்தவர்." கொஞ்ச நேரம் முருங்கைக்காயை எடுத்து எடுத்து வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஒரு பலகையைச் சாத்திவிட்டிருக்கிறாள், தங்கச்சி. படலை இல்லாமல் ஒரு வளவோ? ஆக்கள் எப்பிடிப் போய்வாறது? வாற ஞாயிறும் கடை பூட்டு. படலை வைக்கப் போறன். மீனுவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, வேனிலை இடம் இருக்கு."